அண்ணனுக்குப் பதிலாக ஒரு போர்வை

என் தங்கச்சி கல்யாணத்தில் எங்கள் ஆட்களைப் பந்தியில் இருந்து எழுப்பிவிட்டார்கள். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் வைத்த பிறகு எழுப்பினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா வகையறா வந்திருக்கிறது, நீங்கள் அடுத்த பந்தியில் உட்காருங்கள் என்று எவனோ ஒருவன் வந்து சொன்னான். அவன் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன். இந்த வீட்டில் இனிமேல் கை நனைக்க மாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, எங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிட வேண்டியவர், பஸ் நிற்கிற இடம் வரைக்கும் பின்னாலேயே வந்து கூப்பிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நியாயம் என் பக்கம்தான். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எங்கள் வீடு ஆனைக்குட்டம் பக்கம். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது வெம்பக்கோட்டை பக்கம். மினிபஸ் பிடித்து சிவகாசி வந்து அடுத்த பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு நான் அந்த ஊர் எல்லையை மிதிக்கவில்லை. தீபாவளிச் சீர், பொங்கல் சீர் எல்லாவற்றையும் அம்மாதான் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு வரும். திரும்பி வந்ததும் அங்கே என்ன குழம்பு, மாப்பிள்ளைக்கு வேலை எப்படி, கோழி எத்தனை குஞ்சு பொரித்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லும். தங்கச்சி வாசலில் நின்று, அம்மாவுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்ததையும் சொல்லும். அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் முறத்தைப் பார்த்துச் சொல்லும்.

தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றைக்கே அது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டியது. என் குணம் அப்படியே வந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பிள்ளையைப் பார்க்க வந்தபோது மட்டும், வேலை கிடக்கிறது என்று, நான் வேலை பார்க்கிற பிரஸ்ஸிலேயே இருந்துகொண்டேன்.

எங்கள் வகையில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த வீட்டில் இருந்து தாயும் பிள்ளையும் கிளம்பும்போது தாய்மாமன்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அப்பன் வீட்டு வாசற்படியைத் தாண்ட வேண்டும். தை பிறந்ததும் அனுப்புவது என்று பேசிவைத்திருந்தார்கள். நீ வருவாய்தானே என்று தங்கச்சி ஐப்பசியிலேயே கேட்டாள். முடியாது என்று சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், சண்டையாவது பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டும் செய்யாமல் செல்ஃபில் விரித்திருந்த காகிதத்தைக் காட்டினாள்.

நான் ஆஃப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஆபரேட்டர். சிவகாசியில் பிரஸ் வேலை பார்க்கிறவன் வீட்டில் செல்ஃபுக்கு விரிக்கிற காகிதம், பிள்ளைகள் புத்தகத்துக்கு அட்டை, வடை வைக்கிற தாள் எல்லாமே வேஸ்ட் ஷீட்தான். அவள் காட்டியது ஒரு வெளியூர் கம்பெனியின் காலண்டர் ஆர்டரில் கலர் சரியாக விழாமல் கழித்த ஷீட். அதில் ஒரு கட்டில், கட்டிலின் மேல் ஒரு போர்வை. போர்வை முழுக்க ஆறு மூலை உள்ள துணித் துண்டுகள். நடுவில் ஒரு துண்டு, அதைச் சுற்றி ஆறு துண்டு, பார்க்கப் பூ மாதிரி இருந்தது. அது அவள் கண்ணில் பட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் அம்மாவும் அவளும் பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் சுற்றி ஒட்டுவார்கள். காய்ந்த வெறுங்குழாய்களை ஆறு பக்கம் உள்ள ஒரு சட்டத்துக்குள் நெருக்கி நிறுத்திக் கட்டிக் கொடுப்பார்கள். அதற்கு வளையம் என்று பேர். மேலே இருந்து பார்த்தால் அந்தப் போர்வை வளையம் மாதிரியேதான் இருந்தது.

"நீ வர வேணாம்ணே. உன் கையால பிள்ளைக்கு இது மாதிரி ஒரு போர்வை தச்சுக் குடு. உனக்குப் பதிலா அது எங்க வீட்டுக்கு வரட்டும்."

அம்மா சிரித்துவிட்டது. அறுந்த பட்டனைத் தைக்க ஊசியில் நூல் கோக்கச் சொன்னாலே நூலைத் திட்டுகிறவன் நான் என்பது அம்மாவுக்குத் தெரியும். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. தைக்கு முன்னால் முழுப் போர்வையும் தைத்துக் கையில் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. தங்கச்சி மட்டும் மறுபேச்சுப் பேசாமல் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போய்விட்டாள்.

வேலை பிடிபட்டதற்குக் காரணம் பஜாரில் தையல் கடை வைத்திருந்த பாய். என் வயதுதான். ஒரே டீக்கடையில் பல வருஷமாக டீ குடித்தவர்கள் நாங்கள். அவர் வீட்டில் அவருடைய தங்கச்சி இதே முறையில் தலையணை உறை தைத்திருக்கிறாராம். காகிதத்தை ஆறு மூலையாக வெட்டி, அதைவிடக் கொஞ்சம் பெரிய துணியை அதன்மேல் வைத்து, விளிம்பை உள்பக்கம் மடித்துக் காகிதத்தோடு சேர்த்துப் பெரிய பெரிய தையலாகப் போட்டு நிறுத்த வேண்டும். பிறகு துண்டும் துண்டும் விளிம்போடு விளிம்பு சேர்த்துச் சுற்றித் தைக்க வேண்டும். ஆறு பக்கமும் அக்கம்பக்கத்துத் துண்டுகள் சேர்ந்த பிறகு உள்ளே இருக்கிற காகிதத்தை உருவிவிடலாம். இவ்வளவையும் டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டு, ஜாக்கெட் வெட்டு மிச்சம் ஒரு மூட்டையும் கொடுத்தார். மாமன் வேலை பார்க்கிறவரிடம் கூலி எப்படி வாங்குவது என்று கிண்டல் வேறு.

காகிதம் வெட்டுவதில் நான் ராஜா. பட்டாசு லேபிள் அடித்த கழிவு அட்டைகளை அடுக்கி, முதலில் பட்டைகளாக வெட்டி, பிறகு சாய்த்து வைத்து வெட்டி, கடைசியில் கூரான இரண்டு மூலைகளையும் தட்டிவிட்டேன். மிஷின் ஒரு தடவை இறங்கி ஏறியதும் ஒரு கட்டு ஆறுமூலை. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் மயிரிழை பிசகாது. ஒன்றில் மயில் கழுத்து இருந்தது, ஒன்றில் சிங்கத்தின் ஒரு கண், ஒன்றில் கம்பி மத்தாப்புப் பிடித்த பிள்ளையின் கை. இவ்வளவு அழகான காகிதத்தை உள்ளே வைத்து மறைக்கப் போகிறோமே என்றுகூட எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்த கட்டத்தில்தான் குடும்பமே சேர்ந்து கெட்டிக்காரத்தனம் பண்ணினோம். துணியைக் காகிதத்தின் மேல் நிறுத்தப் பெரிய தையல் போட வேண்டும், அப்புறம் அந்தத் தையலைப் பிரிக்கவும் வேண்டும் என்று பாய் சொன்னது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. போட்டுவிட்டுப் பிரிப்பதற்கு எதற்குப் போட வேண்டும். எங்கள் வீட்டில் எந்நேரமும் பசைச் சட்டி தயாராக இருக்கும். பிறந்ததில் இருந்து ஒட்டியே வளர்ந்த கைகள் எங்களுடையவை. பசையைத் தொட்டு, காகிதத்தில் இழுவி, துணியை மடித்து ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது. தையல்காரர்களுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று அம்மா ஆச்சரியப்பட்டது. அம்மா ஒட்டுகிற வேகத்துக்கு என்னால் துணி வெட்டிக் கொடுக்க முடியவில்லை. தீபாவளி முடிந்து கம்பெனி எல்லாம் இழுத்துப் பூட்டிக் கிடந்த சமயம், குழாய் லோடும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒட்டிய துண்டுகளை முற்றத்தில் பாய் விரித்துக் காயப் போட்டோம். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காவல் நின்றேன்.

சேர்த்துத் தைக்க ஆரம்பித்ததும் வினை தெரிந்தது. காய்ந்த பசை பலகை மாதிரி இறுகியிருந்தது. ஊசி இறங்கவில்லை. கட்டைவிரலில் டேப் சுற்றிக்கொண்டு குத்தினால் ஊசி வளைந்தது. வளைந்த ஊசியை நிமிர்த்தினால் உடைந்தது. ஆனாலும் விடவில்லை. பிரஸ்ஸில் காலண்டர் சீசன், நாள் முழுக்க நின்று வெட்டிவிட்டு வந்து இதில் உட்காருவேன். பிள்ளை தொட்டில் சேலைக்குள் இருந்து கையை ஆட்டும், நான் ஊசியைத் திட்டுவேன், அது சிரிக்கும். என் திட்டுக்குச் சிரித்த முதல் ஆள் அதுதான்.

தோளில் போடுகிற துண்டு அளவுக்கு வந்ததும் தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அதை வாங்கி, என்ன செய்வது என்று தெரியாமல் சுவர் ஓரமாக வைத்தாள். அது சாய்ந்து நின்றது. போர்வை சுவரில் சாய்ந்து நிற்பதை நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பார்த்தோம். மழைக்காலத்தில் வாசலுக்குக் கதவாக வைத்துக்கொள்ளலாம் என்றாள் தங்கச்சி. எனக்குச் சுர்ரென்று ஏறியது. தண்ணீரில் அலசினால் பசை போய் மெத்தென்று ஆகிவிடும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"ஏலே, பசையில துத்தம் கெடக்குலே."

குழாயைக் கரப்பானும் எலியும் அரிக்காமல் இருக்கப் பசை காய்ச்சும்போதே மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். அம்மா நாள் தவறாமல் காய்ச்சுகிற பசை, நான் சின்னப் பிள்ளையில் இருந்து பார்க்கிற நீலக் கட்டி. எங்கள் யாருக்கும் அது நினைப்பில் வரவில்லை. பிள்ளைக்கோ கையில் கிடைத்தது எல்லாம் நேரே வாய்க்குத்தான். தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கே போய்விட்டாள். அலசினால் போகுமா என்று யோசிக்கவே நான் விடவில்லை. போகுமோ போகாதோ, அந்தத் துணியில் ஒரு நூல்கூடப் பிள்ளை பக்கம் போகக் கூடாது என்று மொத்தத்தையும் வீட்டைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தேன். புதைத்துவிட்டு வந்து கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். மார்கழி பாதி போயிருந்தது.

மறுநாள் பாயிடம் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், கடைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க வந்திருந்த பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. இன்னொரு மூட்டை வெட்டுத்துணி தர அவரிடம் இருப்பு இல்லை. ஆனால் எங்கள் தெருவில் சேதி பரவியிருந்தது. போர்வையைக் குழி தோண்டிப் புதைத்த மாமன் என்று ஒரு பட்டம் வந்ததோடு, வீடு வீடாகத் துணியும் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா தன் நிச்சயதார்த்தச் சேலைக்கு எடுத்த ஜாக்கெட்டின் மிச்சத்தைக் கொண்டுவந்தது. எதிர்வீட்டில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் பாவாடை கொடுத்தார்கள். மில்லுக்குப் போகிற ஒரு பிள்ளை இருக்கன்குடி திருவிழாவில் வாங்கிய மஞ்சள் தாவணியில் ஒரு முழம் கிழித்தே கொடுத்துவிட்டது. எல்லாவற்றையும் தங்கச்சி வெந்நீரில் போட்டு அலசிக் காயவைத்தாள். சாயம் போகிற துணியைத் தூர எறிந்தாள். பசைச் சட்டியை அம்மா கொல்லைப்புறத்துக்கே மாற்றிவிட்டது.

இந்தத் தடவை பாய் சொன்ன மாதிரியே செய்தேன். மடித்து, மூலைக்கு மூலை ஒரு பெரிய தையல். அது அவ்வளவு லேசாக வந்தது. ஊசி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. விளிம்போடு விளிம்பு வைத்து நெருக்கி நெருக்கிச் சுற்றித் தைத்து, ஒரு பூ முடிந்து, நடுத்துண்டின் பெரிய தையலை உருவிக் காகிதத்தை வெளியே இழுத்தபோது, துணி என் கையில் தொய்ந்து விழுந்தது. மெத்தென்று. நான் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அம்மா பார்த்துவிட்டது என்று தெரிந்ததும் வியர்வை துடைப்பது போலப் பாவனை பண்ணினேன். அதற்குப் பிறகு எனக்குத் தைப்பது பிடித்துவிட்டது என்று சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. பிரஸ்ஸில் சாப்பாட்டு நேரத்தில்கூட இரண்டு துண்டு சேர்ப்பேன். பைண்டிங்கில் வேலை பார்த்த பெண்கள் என் தையலில் இடைவெளி இருக்கிறது என்று குறை சொன்னார்கள். பார்த்தால் இருந்தது. பிரித்துத் திரும்பத் தைத்தேன். அப்படி நான் பிரித்தது கொஞ்சமில்லை. கட்டிங் மிஷினில் மயிரிழை பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கோணல் தையல் பொறுக்காது. சீக்கிரம் முடி என்று தங்கச்சி ஒரு நாளும் சொல்லவில்லை. இந்த மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறதே அண்ணே என்று அவ்வப்போது காட்டிவிட்டுப் போவாள், நான் உடனே பிரிப்பேன்.

தை பிறந்தது. பொங்கல் முடிந்து நல்ல நாள் பார்த்து, வேன் பிடித்து, மாப்பிள்ளையும் அத்தையும் வந்தார்கள். என் வீட்டு வாசலுக்கு வந்தவர்களை வாங்க என்று சொல்லாமல் இருக்க முடியுமா. சொன்னேன். அத்தைக்கு முடி நரைத்திருந்தது. கல்யாணத்தில் பார்த்தபோது அவ்வளவு நரை இல்லை. காப்பி குடித்து முடித்ததும் தங்கச்சி பிள்ளையைக் கொண்டுவந்து பாயில் போட்டு, பக்கத்தில் நான் தைத்ததை விரித்தாள். அது போர்வை இல்லை. பிள்ளையை அதன்மேல் கிடத்தினால் கால் வெளியே கிடக்கும், அவ்வளவுதான் வந்திருந்தது. அண்ணன் வரவில்லை, அண்ணனுக்குப் பதில் இதுதான் வருகிறது, அதிலும் பாதி அண்ணன்தான் வந்திருக்கிறான் என்று அவள் மாமியாரிடம் சொன்னாள். மாப்பிள்ளை சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். முடிக்காவிட்டால் நானே வருகிறேன் என்று வாய்விட்டிருந்த எனக்கு எங்கே போய் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

அத்தை அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு விரலால் தடவினார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். நடுவில் எல்லாம் தொய்வாக இருக்கிறது, ஓரத்தில் மட்டும் விறைப்பாக இருக்கிறதே, உள்ளே என்ன என்று கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. உள்ளே லேபிள் அட்டை இருக்கிறது, ஓரத் துண்டுகளில் இருந்து அதை இப்போது எடுக்கக் கூடாது என்று சொன்னேன். எடுத்தால் மடிப்பு விட்டுப்போகும், அடுத்த வரிசை வந்து சேர்ந்த பிறகுதான் எடுக்கலாம்.

"அப்ப இன்னும் முடியலன்னு சொல்லுங்க."

முடித்து அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்றேன்.

"அனுப்பாதீக தம்பி. எங்க வீட்டுல வந்து உக்காந்து தைங்க. அதுவும் மெதுவா தைங்க. சட்டுனு முடிச்சுட்டா அப்புறம் வர மாட்டீகளே."

பஸ் நிறுத்தத்தில் அவர் கூப்பிட்ட குரலும் இதே குரல்தான், அன்றைக்கு நான் அதைச் சரியாகக் கேட்கவே இல்லை போல. தங்கச்சி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து உள்ளே போனேன். கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்து அம்மா பின்னாலேயே வந்தது. நான் கொடியில் இருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கலே கிளம்பிட்ட என்று அம்மா கேட்டது. பிள்ளையைத் தூக்க ஆள் வேண்டாமா என்றேன்.

வேனில் பிள்ளை என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தது. நூல்கண்டும் ஊசியும் மிச்சத் துண்டுகளும் இருந்த பை என் காலடியில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சி, யாருக்கும் தெரியாத மாதிரி என் சட்டை நுனியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். சிவகாசி தாண்டியும் விடவில்லை. எங்கே நடுவழியில் இறங்கிப் போய்விடுவேனோ என்ற பயம் அவளுக்கு. வெம்பக்கோட்டை வந்து, அவர்கள் தெருவுக்குள் வேன் திரும்பி, வாசலில் ஆரத்தித் தட்டோடு ஆட்கள் நிற்பது தெரிந்த பிறகும் அவள் பிடியை விடவில்லை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன், அவளும் என் சட்டையைப் பிடித்தபடியே இறங்கினாள்.